ஆறு வயதுக் குழந்தைக்குப் பொருளாதாரம் புரியுமா?

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. பணத்தின் அருமை தெரியட்டும் என்று சேமிப்பைப் பற்றிய படப் புத்தகம் ஒன்று வாங்கினேன். இரண்டு பக்கம்கூடத் தாண்டவில்லை, "வேற கதை சொல்லு" என்கிறாள். இந்த வயதில் இதெல்லாம் அதிகப்படியா?

பதில்: வயதில் குறையில்லை, புத்தகத்தில்தான் குறை. புத்தி சொல்லவே எழுதிய கதையைக் குழந்தைகள் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள். ஒருவருக்கு ஒன்று வேண்டும், அது லேசில் கிடைக்கவில்லை. இப்படித் தொடங்கும் நல்ல கதை எதிலும் பொருளாதாரம் இருக்கிறது. அதைத் தேடுங்கள்.

வெரா பி. வில்லியம்ஸ் 1982-இல் எழுதிப் படமும் வரைந்த 'அ சேர் ஃபார் மை மதர்' எனக்கு மிகவும் பிடித்தது. தீவிபத்தில் வீட்டுச் சாமான்கள் போய்விடுகின்றன. உணவகத்தில் வேலை பார்க்கும் அம்மா, பாட்டி, சிறுமி மூவரும் மெத்தென்ற நாற்காலி ஒன்று வாங்க, பெரிய ஜாடியில் சில்லறை சேர்க்கிறார்கள். ஜாடி நிறைவதற்கு முன் ஓரிடத்தில் நிறுத்தி, "இந்தக் காசை இப்பவே எடுத்தா என்ன வாங்கலாம்?" என்று கேளுங்கள். அவள் ஏதாவது சொல்வாள். "சரி, அப்போ நாற்காலி?" அவ்வளவு போதும். பாடநூல்கள் வாய்ப்புச் செலவு என்று சொல்வது, ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைநழுவும் இன்னொன்றைத்தான். அந்தப் பெயர் அவளுக்கு இப்போது வேண்டாம்.

அதே கதையில் அக்கம்பக்கத்தார் மேசை, கட்டில் என்று கொண்டுவந்து கொடுக்கிறார்கள், யாரும் விலை பேசுவதில்லை. நான் மிக முக்கியமாக நினைப்பது இந்தப் பக்கத்தைத்தான். பொருள் கைமாறக் காசு மட்டுமே வழி என்று குழந்தை நினைத்துவிடக் கூடாது. "இவங்க ஏன் சும்மா கொடுத்தாங்க?" என்று கேளுங்கள். என்ன பதில் வந்தாலும் திருத்தாதீர்கள்.

கொஞ்சம் வளர்ந்து, கழித்தல் கணக்கு வந்த பிறகு, ஜூடித் வியோர்ஸ்ட் 1978-இல் எழுதிய 'அலெக்ஸாண்டர், ஹூ யூஸ்டு டு பி ரிச் லாஸ்ட் சண்டே'. ஒரு சிறுவனிடம் இருந்த ஒரு டாலர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகிறது. ஒரு டாலரின் 100 சென்ட்டுக்கு 100 பொத்தான்களைப் பரப்பி, அவன் செலவழிக்கச் செலவழிக்க அவளையே எடுத்து ஒதுக்கச் சொல்லுங்கள்.

முதல் முறை படிக்கும்போது எந்தக் கேள்வியும் கேட்காதீர்கள். கதை அவளுக்குப் பிடித்து, அவளே திரும்பக் கேட்கட்டும். அப்புறமும் ஒரு வாசிப்புக்கு ஒரு கேள்வி போதும். இரண்டும் ஆங்கிலப் புத்தகங்கள் என்று தயங்க வேண்டாம். படத்தைக் காட்டி, கதையைத் தமிழில் உங்கள் போக்கிலேயே சொல்லுங்கள்.