வாஷ் காயட்டும்

அன்புள்ள ஐயா,

வாட்டர்கலர் பழகுகிறேன். தொடக்கத்தில் படம் நன்றாகவே வருகிறது. பிறகு வானத்தில் ஏதாவது ஒரு திட்டு உறுத்தும். சரிசெய்யப் போனால் மொத்தமும் அழுக்காகிவிடும். முடிக்காத தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. வீட்டு வேலையிலும் இதே கதைதான், ஓர் அலமாரியை அடுக்க உட்கார்ந்தால் பொழுது போய்விடுகிறது. என்ன செய்யலாம்?

ர., மதுரை

அன்புள்ள ர.,

அந்தத் திட்டை அப்படியே விட்டிருந்தால் படம் பிழைத்திருக்கும். வாஷ், அதாவது நிறைய நீர் கலந்து தாளில் பரப்பிய நிறம், பாதி காய்ந்து பளபளப்பு மங்குகிற நேரம்தான் ஆபத்தானது. அப்போது அதைவிட ஈரமான பிரஷ் பட்டால், புது நீர் நிறத்தை ஓரத்துக்குத் தள்ளிவிடும். காலிஃபிளவர் மாதிரி விளிம்பு கட்டிய கறை விழும். அதைப் போக்கத் தேய்த்தால் தாளில் ஏற்றியிருக்கும் ஜெலட்டின் போன்ற பசை போய்விடும். பிறகு தாள் நிறத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும், எதுவும் துலங்காது.

புறங்கையால் தொட்டால் சில்லென்று இருக்கக் கூடாது, அதுவரை பொறுங்கள். காய்ந்தால் நிறம் வெளிறும், பல திட்டுகள் தாமாகவே அடங்கிவிடும். அப்புறமும் எடுத்தே ஆக வேண்டுமென்றால் சுத்தமான ஈரப் பிரஷ்ஷால் நனைத்து டிஷ்யூவால் ஒற்றுங்கள். அல்ட்ராமரின் நீலம் ஓரளவு வரும். தாலோ நீலம் தாளைப் பிடித்துக்கொள்ளும், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

நிறம் அழுக்காவதற்கு, தட்டில் நிறங்கள் அதிகமாக இருப்பதும் ஒரு காரணம். கொஞ்ச நாளைக்கு அல்ட்ராமரின், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, ஒரு மஞ்சள் போதும். முதல் இரண்டும் சேர்ந்தால் அருமையான சாம்பல் கிடைக்கும். மேகத்துக்கு வேறென்ன வேண்டும்?

புதுத் தாள் வாங்காதீர்கள். விலை கொடுத்து வாங்கிய தாள் என்றாலே கை தயங்கும். மூலையில் கிடப்பவை 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனத் தாள்களானால் பின்பக்கமும் தாங்கும். ஏ4 அளவை நான்காக வெட்டிக்கொள்ளுங்கள். இருப்பதிலேயே பெரிய பிரஷ்ஷை எடுங்கள். சின்னது கையில் இருந்தால் திருத்தத்தான் தோன்றும். மொபைலில் 20 நிமிடம் வையுங்கள். மணி அடித்ததும் பிரஷ்ஷைக் கழுவிவிட்டு, படத்தின் மூலையில் தேதி போட்டு உள்ளே வைத்துவிடுங்கள். (அலமாரிக்கும் இதே மணிதான்: ஒரு நாளைக்கு ஒரு தட்டு.)

பத்துப் படம் சேரும்வரை எடுத்துப் பார்க்காதீர்கள். சேர்ந்ததும் தரையில் பரப்புங்கள். எது நன்றாக இருக்கிறது என்று தேட வேண்டாம். எந்தப் பிழை அதிகப் படங்களில் வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். பெரும்பாலும், காயும் முன் அடுத்த நிறத்தை வைத்ததாகவே இருக்கும். அடுத்த பத்தில் அந்த ஒன்றை மட்டும் கவனியுங்கள், மற்றவை எப்படி வந்தாலும் வரட்டும்.