பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: கேளுங்க, சொல்றேன்

பெரம்பூர்ல கியர்பாக்ஸ் வேலை பாக்குறவன். டார்க் கன்வர்ட்டர், அதாவது இன்ஜின் சுத்துற வேகத்தை ஆயில் வழியா பெட்டிக்குக் கடத்துற சாமான், அது வச்ச வண்டி பத்தி மட்டும் கேளுங்க. ஏஎம்டி வேற ரகம். உள்ளே சாதா மேனுவல் பெட்டிதான், கிளட்ச்சையும் கியரையும் நமக்குப் பதிலா மெஷின் மாத்தும்.

கொருக்குப்பேட்டை: அண்ணே, காலையில டிரைவ்ல போட்டா ரெண்டு மூணு செகண்ட் கழிச்சுதான் நகருது. சூடானா சரியாயிடுது.

ஆயில் குறைஞ்சிருக்கும், இல்லைனா உள்ளே சீல் விறைச்சுப் போயிருக்கும். பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து சமதரையில நிறுத்துங்க. பெரும்பாலான வண்டிக்கு இன்ஜின் ஓடும்போதே கியர் ஆயில் அளவு பாக்குற ஸ்டிக்கை எடுக்கணும்; ஹோண்டாவுக்கு அணைச்ச கையோட. வெள்ளைத் துணியில ஒரு சொட்டு விடுங்க. சிவப்பா பரவினா நிம்மதி. நடுவுல கருப்பா நின்னு, அடிபிடிச்ச வாடை வந்தா கிளட்ச் பிளேட் கரையுது. குறைஞ்சிருந்தா ஊத்திட்டு மறந்துடாதப்பா. இது எரிஞ்சு தீர்ற ஆயில் இல்ல, எங்கேயோ ஒழுகுது.

மணலி: மெஷின் வச்சு பழைய ஆயிலை முழுசா ஃப்ளஷ் பண்ணிடலாம்னு சொல்றாங்க சார்.

ஸ்லிப் ஆகுற, அதாவது இன்ஜின் சுத்தியும் வண்டி சரியா இழுக்காத பெட்டிக்கு வேணாம் சார். படிஞ்சு கிடக்கிற தூள் கிளம்பி ஆயிலைத் திருப்பி விட்டு கியர் மாத்துற வால்வு பாடியில போய் அடைச்சுக்கும்னு எனக்கு பயம். டிரெயின் பிளக்கைக் கழட்டினா ஏறக்குறைய பாதிதான் வரும், மிச்சம் கன்வர்ட்டர்ல நிக்கும். வந்ததை அளந்து அதே அளவு ஊத்துங்க. ஆயிரம் கிலோமீட்டர் ஓடினதும் இன்னொரு தடவை. கிரேடு வண்டி புக்ல போட்டதுதான். கழட்டும்போது இரும்புத்தூள் பிடிக்கிற காந்தத்தைப் பாருங்க: மை மாதிரி படிஞ்சிருந்தா வழக்கம்தான், இரும்புச் சில்லு இருந்தா மூடிட்டு பணம் சேருங்க.

எண்ணூர்: கன்டெய்னர் லாரி வரிசையில ஒரு மணி நேரம் நிக்கிறேன். நியூட்ரல் போடலாமாண்ணே?

லாரிக்காரர் இன்ஜினை அணைச்சுட்டு டீக்கு இறங்கிட்டாரா? நியூட்ரல், ஹேண்ட்பிரேக். பத்து செகண்ட் நிக்கிறதுக்கெல்லாம் மாத்தாதீங்க, ஒவ்வொரு தடவையும் கிளட்ச் விட்டுப் பிடிக்கணும். இஞ்ச் இஞ்சா உருட்டவும் வேணாம். ரெண்டு வண்டி இடம் விழட்டும், அப்புறம் போங்க. பின்னாடி இருக்கிறவன் ஹாரன் அடிப்பான், அடிக்கட்டும். ஓவர்டிரைவ், அதாவது மேல் கியருக்கான பட்டன் இருந்தா அணைச்சு வைங்க. இந்தப் பெட்டியைக் கொல்றது சூடுதான். உங்க ரோட்டுப் புழுதிக்கு ரேடியேட்டர் இடுக்கை அடிக்கடி தண்ணி விட்டுக் கழுவுங்க. தனியா ஒரு ஆயில் கூலர் மாட்டினா காசு வீணில்ல.

வியாசர்பாடி: மழைத்தண்ணியில முட்டி ஆழத்துல ஓட்டிட்டேன். ஸ்டிக்ல ரோஸ் மில்க் மாதிரி இருக்கு.

ஸ்டார்ட் பண்ணாதே தம்பி! தண்ணி இறங்கிடுச்சு. ஊறினா பிளேட்டோட பசை விட்டுடும். கயிறு கட்டி இழுக்காம, நாலு சக்கரமும் தூக்குற வண்டியை வரச் சொல்லு. தண்ணியில இறங்காமலே இந்த நிறம் வந்தா, ரேடியேட்டருக்குள்ள இருக்கிற கூலர் ஓட்டை.

ராயபுரம்: பாட்டில் மருந்து ஊத்தினா ஸ்லிப் நிக்குமா?

விறைச்ச சீல் கொஞ்சம் இளகும், சில மாசம் ஓடும். தேய்ஞ்ச பிளேட் வளராதுண்ணே.

தண்டையார்பேட்டை: ரிவர்ஸே எடுக்கல. புதுப்பேட்டையில பழைய பெட்டி வாங்கிடவா?

வாங்கலாம். ஆயிலை மோந்து பாத்துட்டு வாங்குங்க.