டெர்மினலில் எழுத எந்த எடிட்டர்? கேள்வி பதில்

குரோம்பேட்டை: விண்டோஸிலிருந்து உபுண்டு லினக்ஸுக்கு மாறியிருக்கிறேன். நோட்பேட் போல எளிதான எடிட்டர் எது?

மவுஸ் வைத்துப் பழகும் கணினி என்றால் உபுண்டுவிலேயே இருக்கும் எடிட்டர் போதும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் மட்டும்தான் என்றால் நானோ. என்ன விசையை அழுத்தலாம் என்று திரையின் அடியில் இரண்டு வரிகளில் அதுவே எழுதிக் காட்டும். அங்கே தெரியும் ^ குறி, கண்ட்ரோல் விசை. ^ஓ சேமிக்கும், ^டபிள்யூ தேடும், ^எக்ஸ் வெளியேற்றும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பைன் மின்னஞ்சல் நிரலில் கடிதம் எழுதப் பயன்பட்ட பீக்கோதான் இதற்கு முன்மாதிரி. பீக்கோவின் உரிமம் கட்டற்றதாக இல்லாததால் 1999-ல் இதைத் தனியாக எழுதினார்கள். கடிதம் எழுதுகிறவர்களை மனத்தில் வைத்துச் செய்தது; மிரட்டாது.

ஒன்று மட்டும்: கணினியின் அமைப்புகள் இருக்கும் 'ஈடிசி' (/etc) கோப்புறையில் எதைத் தொடுவதானாலும் முதலில் நகல் எடுங்கள்.

அம்பத்தூர்: நானோவில் கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-வி பழக்கப்படி வேலை செய்யவில்லையே?

மைக்ரோ என்ற எடிட்டரை நிறுவுங்கள். கண்ட்ரோலோடு சேமிக்க எஸ், நகலெடுக்க சி, ஒட்ட வி, செய்ததை மீட்க இசட். எல்லாம் உங்கள் விரல்களுக்குத் தெரிந்தவை. மவுஸும் வேலை செய்யும். குறை ஒன்றுதான்: பெரும்பாலான சர்வர்களில் தானாக இருக்காது.

திருவான்மியூர்: விஐ (vi) என்ற டெர்மினல் எடிட்டருக்குள் மாட்டிக்கொண்டேன். எப்படி வெளியே வருவது?

எஸ்கேப், முக்காற்புள்ளி (:), க்யூ, ஆச்சரியக்குறி, எண்டர். எழுதியது போய்விடும். சேமிக்க வேண்டுமானால் க்யூவுக்கு முன் டபிள்யூ போட்டு, ஆச்சரியக்குறியை விட்டுவிடுங்கள். வெட்கப்படாதீர்கள், நிரலாளர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் இதே கேள்வியைப் பார்த்தவர்கள் 2017-லேயே பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள்.

பல்லாவரம்: விஐ-யில் கண்ட்ரோல்-எஸ் அழுத்தினேன். திரை உறைந்துவிட்டது.

கண்ட்ரோல்-க்யூ அழுத்துங்கள். 'அனுப்புவதை நிறுத்து' என்று டெலிடைப் காலத்தில் வந்த சைகை அது, இன்னும் உயிரோடு இருக்கிறது.

கிண்டி: புதியவர்களை நானோ கொடுத்துக் கெடுக்கிறீர்கள். எந்த சர்வரிலும் விஐ இருக்கும். அதைத்தானே முதலில் கற்க வேண்டும்?

கற்கட்டும், முதல் நாளே வேண்டாம் என்கிறேன். 1976-ல் பில் ஜாய் விஐ எழுதியபோது அவருடைய மோடம் 300 பாட், ஆமை வேகம். ஒரு எழுத்துக்கு ஒரு கட்டளை என்று சுருக்கியதில் நியாயம் இருந்தது. அவருடைய ஏடிஎம்-3ஏ (ADM-3A) டெர்மினலில் இன்று டேப் இருக்கும் இடத்தில் எஸ்கேப் இருந்தது. எச், ஜே, கே, எல் விசைகளின் மீதே அம்புகள் அச்சாகியிருந்தன. உங்கள் மடிக்கணினியில் இருக்கின்றனவா?

கிண்டி (மீண்டும்): பழகினால் விரல் பறக்கும், சார்.

பறக்கும். என் விரலும் பறக்கிறது, இருபது வருடமாக விஐ-யின் மேம்பட்ட வடிவமான விம்தான். ஆனால் வலைப்பின்னல் அறுந்த சர்வரில் ஒரே ஒரு வரியைத் திருத்த வந்த பையனிடம் 'முதலில் மோடு என்றால் என்ன தெரியுமா' என்று தொடங்குகிறவர் உதவி செய்யவில்லை, தேர்வு வைக்கிறார். அவன் வேலையை முடிக்கட்டும். ஓய்வான மாலையில் 'விம்டியூட்டர்' என்று தட்டட்டும். அரைமணி நேரத்தில் அடிப்படை வந்துவிடும்.

வேளச்சேரி: விஐ-யிலிருந்து வெளியேற...

திருவான்மியூருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

மாதவரம்: நோட்பேடில் எழுதிய ஸ்கிரிப்ட் லினக்ஸில் ஓடவில்லை.

விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைக் கூடுதலாக வைக்கும். 'டாஸ்2யூனிக்ஸ்' கட்டளை அதை நீக்கும். நீக்குமுன் நகல்.

மயிலாப்பூர்: நானோவில் தமிழ் எழுதினால் கொம்பும் காலும் சிதறுகின்றன.

குற்றம் டெர்மினலுடையது. எழுத்துகளைச் சம அளவுக் கட்டங்களில் அடைக்கப் பார்க்கும்; தமிழ் அதற்கு அடங்காது. தமிழுக்கு கேட் போன்ற ஜன்னல் எடிட்டர்தான்.

பெரம்பூர்: லினக்ஸுக்கு எந்த மடிக்கணினி வாங்கலாம்?

என் துறை இல்லை. ரிச்சி தெருவில் நடந்து பாருங்கள்.

ஆவடி: விம்-ஐ மூட...

திருவான்மியூர்!

போரூர்: விஐ-யின் பழைய போட்டியாளரான எமாக்ஸ் எடிட்டர் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே?

அதைத் தொடங்கினால் கிண்டித் தம்பியும் சாப்பிடப் போகமாட்டார், நானும் போகமாட்டேன்.