பொய் சொல்வது எப்போது சரி? பதினொரு நாள் பொய் சொன்ன ஒருவனின் பதில்

கேள்வி: பொய் சொல்வது எப்போது சரி என்பதில் காந்த், மில் போன்ற தத்துவவாதிகளும் நம் மதங்களும் சொல்வதை ஒப்பிட்டால் எது நடைமுறைக்கு ஒத்து வருகிறது?

இதைப் பரீட்சைக்காகக் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். வீட்டில் யாரிடமோ எதையோ சொல்வதா மறைப்பதா என்று தெரியாமல் தவிக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். நான் தத்துவம் படித்தவன் இல்லை, பி.காம். கையில் கிடைத்ததை எல்லாம் சில வருடமாக வாசித்து வருகிறேன், அதற்கான காரணம் கீழே வரும். காந்தைத் தப்பாகப் புரிந்துகொண்டாய் என்று சொல்ல வருபவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் முழுசும் வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

2019-இல் என் அத்தைக்குப் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. அத்தைக்குக் கல்லிடைக்குறிச்சி. மாமா போன பிறகு அப்பளம் இட்டே ஒற்றை மகனைப் படிக்க வைத்தவள். அத்தானுக்கு மதுரையில் வேலை. ஆபரேஷன் முடிந்த மறுநாள் அம்மாவைப் பார்க்க பைக்கில் கிளம்பி வந்தவர், கயத்தாறு பக்கம் நாற்கரச் சாலையில் லாரி மோதி அந்த இடத்திலேயே போய்விட்டார்.

அத்தை ஐசியூவில் இருக்கிறாள். டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, இப்போது சொன்னால் தாங்காது, பத்து நாள் போகட்டும் என்றார். யார் போய் அவளிடம் பேசுவது? நான் சொன்னால்தான் நம்புவாள் என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சிந்துபூந்துறையில் காரியத்தை முடித்து, ஆற்றில் குளித்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அத்தானுக்குக் கம்பெனியில் ஆடிட் நடக்கிறது, லீவு கொடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கினாளா தெரியாது. என் தலையைப் பார்த்து, "எய்யா, தல ஈரமா இருக்கே, துவட்டுய்யா, காச்சல் வந்துரும்" என்றாள்.

அவள் மகனை எரித்துவிட்டு வந்த ஈரம் அது.

இப்படிப் பதினொரு நாள். தினமும் "போன் போட்டானா? சாப்ட்டானாமா?" என்று கேட்பாள், நானும் புதிதாக ஒன்று சொல்வேன். அங்கே ஒரு நர்ஸ் அக்கா, பாளையங்கோட்டைக்காரர், சர்ச்சுக்கு ஒழுங்காகப் போகிறவர். அவர் என்னிடம், "நான் காட்டிக் கொடுக்க மாட்டேன் தம்பி. ஆனா பொய் சொல்லச் சொல்லாதீங்க, அம்மா என்ட்ட கேட்டா பேசாம இருந்துருவேன்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. பிறகு பழங்காலக் கிறிஸ்தவ அறிஞர் புனித அகுஸ்தினார் பற்றிப் படித்தபோதுதான் அது எவ்வளவு பழைய நிலைப்பாடு என்று புரிந்தது. எந்தப் பொய்யும் பாவம்தான், ஆனால் உண்மையைச் சொல்லாமல் இருப்பது பொய் ஆகாது என்பது அவர் கட்சி. அவர் ஒரு பிஷப்பின் கதையைச் சொல்கிறார். பேரரசன் தேடிய ஓர் ஆளைத் தன்னிடம் ஒளித்து வைத்திருந்த அந்த பிஷப், நான் பொய்யும் சொல்ல மாட்டேன், காட்டியும் கொடுக்க மாட்டேன் என்று சித்திரவதையைத் தாங்கிக்கொண்டாராம்.

பக்கத்துப் படுக்கையில் மேலப்பாளையம் பாய் ஒருவரின் மனைவி. செயல்கள் எல்லாம் நிய்யத்தை, அதாவது எண்ணத்தை, பொறுத்தவை என்று புகாரி என்ற நபிமொழித் தொகுப்பின் முதல் ஹதீஸே சொல்கிறது என்று அந்த பாய்தான் எனக்குச் சொன்னார். "சண்டையத் தீத்து வைக்கப் பொய் சொல்ல எங்க மார்க்கத்தில இடம் இருக்கு தம்பி. ஆனா நீங்க சொல்லுதது அதில வருமான்னு ஹஜ்ரத்ட்டதான் கேக்கணும்" என்றார். எனக்கு ஆறுதல் சொல்வதற்காகக்கூட அவர் மார்க்கத்தை வளைக்கவில்லை. அந்த மனிதர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

எங்கள் சித்தப்பா கீதைக்காரர். கடமையைச் செய், பலனைப் பார்க்காதே என்றார். சரி, எது என் கடமை? அத்தை உயிரைக் காப்பதா, அவள் மகனைப் பற்றி அவளிடம் உண்மையைச் சொல்வதா? அதே கீதையில் பதினேழாம் அத்தியாயம், பேச்சு உண்மையாகவும் இனிமையாகவும் நன்மை தருவதாகவும் கேட்பவரைக் கலக்காததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அந்த வார்டில் இந்த நான்கும் சேர்ந்த ஒரு வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை.

இடையில் இதையும் சொல்லிவிடுகிறேன். லட்சக்கணக்கில் பில் போடுகிற ஆஸ்பத்திரிகள் கூட இருப்பவர்களுக்கு உட்கார ஒரு நாற்காலி போடக் கூடாதா? ராத்திரி ஒன்பதரைக்கு வராண்டாவிலிருந்து எழுப்பி விடுவார்கள், மாடிப்படிக்குக் கீழே செருப்புகளுக்குப் பக்கத்தில் துண்டை விரித்துப் படுப்போம். மருந்துச் சீட்டு வந்தால் மட்டும் நம் பெயர் ஞாபகம் வந்துவிடும். பாஸ் ஒருவருக்குத்தான் என்பதால் அத்தைக்குப் பக்கத்தில் போவது நான் மட்டும்தான். வேறு யாராவது இருந்திருந்தால் ஒரு நாளாவது அந்தப் பொய்யை அவர்கள் சொல்லியிருப்பார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். மில் 1861-இல் எழுதிய பயன்வாதக் கட்டுரையில், அதாவது விளைவை வைத்துச் சரி தப்பு பார்க்கிற கொள்கை பற்றிய கட்டுரையில், என் கேஸை அப்படியே சொல்லியிருக்கிறார். உண்மை பேசுவது பெரிய விதி, ஆனால் விதிவிலக்கு உண்டு என்று சொல்லி, உதாரணமாக ஆபத்தான நோயில் கிடப்பவரிடம் கெட்ட செய்தியை மறைப்பதைக் காட்டுகிறார். காந்த் நேர் எதிர். கொலைகாரன் வாசலில் நின்று உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று 1797-இல் எழுதினார். இதைப் படிக்கிற எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அதே கட்டுரையில், நீ பொய் சொன்னால் அதனால் வருகிற விளைவுகள், நீ எதிர்பார்க்காதவை உட்பட, உன் கணக்கில் வரும் என்ற பொருளில் ஒன்று சொல்கிறார். அந்த இடத்தில் நிறுத்தி, புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

ஏனென்றால், அத்தை பிழைத்துவிட்டாள். மில் கணக்குப்படி எல்லாம் சரி. வீட்டுக்கு வந்து விஷயம் தெரிந்ததும் அழுது ஓய்ந்து, கடைசியில் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "மொகத்தயாவது காட்டிருக்கலாம்லா?" அவளை ஸ்ட்ரெச்சரில் வைத்துக்கூடக் கொண்டுபோயிருக்க முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் காட்டாதது நான்தான்.

வள்ளுவர் இதில் என்ன சொல்கிறார் என்று எல்லாரும் 292-ஐத்தான் எடுப்பார்கள், "பொய்ம்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்." என்னிடமும் அதைத்தான் சொல்லித் தேற்றினார்கள். அடுத்த குறளை யாரும் சொல்லவில்லை. "தன்நெஞ் சறிவது பொய்யற்க பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்." இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். அனுமதியும் உண்டு, சூடும் உண்டு. பாரதத்திலும் அப்படித்தான். அசுவத்தாமன் இறந்தான் என்று தருமர் துரோணரிடம் சொன்னது போரை முடிக்க உதவியது. ஆனால் அதுவரை தரையிலிருந்து நான்கு விரல் மேலே ஓடிய அவர் தேர் தரையில் இறங்கிவிட்டது, கடைசியில் அதற்காக நரகத்தையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார். அவர் உயிரோடு இருந்த மகனை இறந்தான் என்று தகப்பனிடம் சொன்னார், நான் தாயிடம் அதைத் திருப்பிச் சொன்னேன்.

ஆகவே என் பதில் இதுதான், தப்பாக இருக்கலாம். செய்தது சரி என்று ஆன பிறகும் ஒரு பாக்கி நிற்கிறது என்று ஒப்புக்கொள்கிற கொள்கையைத்தான் நான் நம்புகிறேன். சரி என்று சொல்லிவிட்டு கணக்கை மூடுகிற கொள்கை, சொன்னவனுக்கு வசதி, சொல்லப்பட்டவளுக்கு ஒன்றும் இல்லை.

இன்னொரு வழியும் இருந்திருக்கிறது, அது எனக்கு அப்போது தெரியவில்லை. செத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த கிசா கோதமியிடம் புத்தர் பொய்யும் சொல்லவில்லை, எடுத்த எடுப்பில் உடைத்தும் பேசவில்லை. சாவு நடக்காத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வா என்று அனுப்பினார். அவளே வீடு வீடாக நடந்து உண்மைக்குப் போய்ச் சேர்ந்தாள். நீங்கள் இன்னும் பொய்யை ஆரம்பிக்கவில்லை என்றால் இதை யோசியுங்கள். அந்த நர்ஸ் அக்கா மாதிரி பேசாமல் இருக்க முடியுமா என்றும் பாருங்கள். சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், எப்போது, யார், எந்த வார்த்தையில் உண்மையைச் சொல்லப் போகிறீர்கள் என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை. அவளுக்கு விஷயம் தெரிந்தது துக்கம் கேட்க வந்த ஒருவர் மூலமாக.

அத்தை என்னோடு பேசுகிறாள், சாப்பாடு போடுகிறாள், எல்லாம் உண்டு. போன வருடம் ஒருநாள் அப்பள மாவு உருட்டிக்கொண்டே, "மொகம் எப்படிய்யா இருந்துச்சு?" என்றாள். நெற்றியில் கட்டு, இடது கன்னம் வீங்கியிருந்தது, வாய் மட்டும் எப்போதும் தூங்குகிற மாதிரியே இருந்தது என்று உள்ளதைச் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள், சொன்னேன். கிளம்பும்போது அம்பாசமுத்திரம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். ஐந்தரைக்கு என்றேன். நான் செருப்பைப் போடும்போதே பக்கத்து வீட்டு வாசலுக்குப் போய் அவர்களிடமும் கேட்டுக்கொண்டு வந்தாள்.