50 வருஷத்துப் பழைய கீமோ எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. கழுத்துக் கட்டியை பயாப்ஸி செய்துவிட்டு, வேகமாக வளரும் லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்), 21 நாளைக்கு ஒருமுறை 'ஆர்-சாப்' கீமோ என்கிறார் டாக்டர். அது 1970களில் வந்ததாமே, புதிதாக எதுவும் இல்லையா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பழசு என்பது உண்மைதான். ஆனால் அதை எத்தனையோ பேர் தோற்கடிக்கப் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

1960களில் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் வின்சென்ட் டெவிட்டா குழுவினர், ஹாட்ஜ்கின் என்ற வகை லிம்போமாவுக்கு நாலு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொன்றும் புற்றணுவை ஒவ்வொரு விதமாகத் தாக்கும், பக்கவிளைவும் ஒரே உறுப்பில் போய் விழாது, அதனால் எல்லாவற்றையும் போதுமான அளவில் கொடுக்கலாம் என்பது கணக்கு. அதே வழியில் உங்கள் அப்பாவுக்கு வந்த மாதிரியான வேக வகைக்கும் கொடுத்து, 1975இல் முடிவை வெளியிட்டார்கள். முற்றிய நிலையில் இருந்த 27 பேரில் 10 பேர் நோயில்லாமல் இருந்தார்கள். அதுவரை பிழைப்பது அபூர்வம் என்றிருந்த நோய் அது. அடுத்த வருஷமே டாக்ஸோரூபிசின் என்ற மருந்து சேர்ந்த 'சாப்' என்ற நாலு மருந்துக் கூட்டு வந்தது. அதிலுள்ள வின்கிறிஸ்டின் நம்மூர் நித்தியகல்யாணிச் செடியில் கிடைப்பது.

அப்புறம் 1980களில் ஆறு மருந்து, எட்டு மருந்து என்று கூட்டிக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு மருத்துவமனையும் தன் நோயாளிகளை மட்டும் வைத்து 'எங்களுடையதுதான் சிறந்தது' என்றது. அப்படிப்பட்ட மூன்று சிகிச்சைகளைச் சாப்போடு நேருக்கு நேர் வைத்து, 899 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. 1993இல் வந்த முடிவுப்படி, மூன்று வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் நாலு பிரிவிலும் ஏறக்குறைய பாதிப்பேர். மருந்தின் நச்சால் இறந்தவர்களோ சாப்பில் 1 சதவீதம், இன்னொன்றில் 6 சதவீதம். அந்தச் சோதனை நடக்காமல் போயிருந்தால் எத்தனை பேர் வீணாகக் கஷ்டப்பட்டிருப்பார்கள்!

உங்கள் டாக்டர் சொன்ன 'ஆர்', சாப்போடு பிற்பாடு சேர்ந்த ரிடுக்ஸிமாப் என்ற மருந்து. 2002இல் பிரான்ஸ் தலைமையிலான சோதனையில், 60 முதல் 80 வயதுக்காரர்களுக்கு அதைச் சாப்போடு சேர்த்துக் கொடுத்தபோது இரண்டு வருஷ உயிர்வாழ்வு 57 சதவீதத்திலிருந்து 70 ஆனது. ஆகவே அப்பாவுக்குக் கிடைப்பது முழுக்கப் பழையதும் இல்லை.

தொடங்குவதற்கு முன் இதய எக்கோவும் ஹெபடைடிஸ் பி பரிசோதனையும் எடுத்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள். டாக்ஸோரூபிசின் சிவப்பு மருந்து, ஏறிய ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போனால் பதற வேண்டாம். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் மட்டும், நடுராத்திரியாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.