டொனேஷன் அல்ல, கண்டோனேஷன்

மதிப்பிற்குரிய ஐயா,

கேரளத்தில், பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் தேங்காய் மண்டி வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். என் மகள் இங்கேயே தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகிறாள். எங்கள் குடும்பத்தில் அவள்தான் முதல். வீட்டில் அவள் பேசுவது பாதி விளங்குவதில்லை. 'மூன்று வருடத்தில் 133 கிரெடிட் வேண்டும்' என்கிறாள். எங்கள் மண்டியில் கிரெடிட் என்றால் கடன். நான் சேர்த்துவிட்டது ஒரு கோர்ஸில், அவளோ 'இந்த செமஸ்டரில் ஆறு கோர்ஸ்' என்கிறாள். போன வாரம் பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை, 'ஹாஜர் குறைவு, கண்டோனேஷன் கட்ட வேண்டி வரும்' என்றார். அரசுக் கல்லூரியில் டொனேஷனா என்று சத்தம் போட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இவற்றுக்கெல்லாம் தமிழில் சொல் கிடையாதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

கண்டோனேஷனுக்கும் நன்கொடைக்கும் உறவில்லை. தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். அதற்குக் கொஞ்சம் கீழே போனவர்கள் காரணம் எழுதிக் கொடுத்து, கட்டணம் செலுத்தினால், பல்கலைக்கழகம் ஓர் எல்லை வரை அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளும். பொறுத்தருளுவதுதான் அந்தச் சொல்லின் பொருள். நினைத்தபோதெல்லாம் கிடைக்காது, இத்தனை முறைதான் என்று கணக்கு உண்டு. ஆகவே பணத்தைப் பற்றி அல்ல, மகள் ஏன் வகுப்புக்குப் போகவில்லை என்பதைப் பற்றித்தான் நீங்கள் சத்தம் போட்டிருக்க வேண்டும்!

கிரெடிட்டை வியாபாரியான உங்களுக்கு விளக்குவது எளிது. அதை உங்கள் பேரேட்டில் கடன் பக்கத்தில் எழுதாதீர்கள், வரவுப் பக்கத்தில் எழுதுங்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம் என 15 வாரம் பாடம் கேட்டுத் தேறினால் ஒரு கிரெடிட் வரவு. ஆய்வகம் போன்ற செய்முறை வேலையென்றால் அதற்கு இரண்டு மடங்கு நேரம். கேரளத்தில் 2024இல் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்தபின் மூன்றாம் ஆண்டோடு நிறுத்திக்கொள்கிறவர்களுக்கு 133, நான்கும் படித்து ஹானர்ஸ் வாங்குகிறவர்களுக்கு 177. முழுப் படிப்புக்கு இப்போது புரோகிராம் என்று பெயர். நாம் பேப்பர் என்றோம் பாருங்கள், அந்த ஒற்றைப் பாடம்தான் கோர்ஸ். உங்கள் மகள் ஆறு படிப்பில் சேரவில்லை, ஆறு பாடம் படிக்கிறாள்.

மேஜர் என்பது அவளுடைய முதன்மைப் பாடம், மைனர் துணைப்பாடம். மைனர் என்றதும் ஜிப்பாவும் கழுத்துச் சங்கிலியுமாக ஓர் ஆள் நினைவுக்கு வந்தால் அது நம் தலைமுறையின் கோளாறு.

மதிப்பெண் பட்டியலில் எஸ்.ஜி.பி.ஏ. என்று ஒன்று வரும். அது அந்த செமஸ்டரில் பாடங்களுக்குக் கிடைத்த புள்ளிகளின் சராசரி. எல்லா செமஸ்டரும் சேர்ந்தால் சி.ஜி.பி.ஏ. ஆனால் வெறும் சராசரி அல்ல. 400 காய் 9 ரூபாய்க்கும் 300 காய் 6 ரூபாய்க்கும் எடுத்தீர்கள் என்று வையுங்கள். (இன்று அந்த விலைக்குக் காய் கிடைக்காது, கணக்குக்காகச் சொல்கிறேன்.) சராசரி விலை ஏழரை என்று உங்கள் மண்டியில் ஒருவன் சொன்னால் அவனை வேலையை விட்டு அனுப்பிவிடுவீர்கள். 5,400ஐ 700ஆல் வகுக்க வேண்டும், 7.71 வரும். 4 கிரெடிட் பாடத்தில் 9 புள்ளியும் 3 கிரெடிட் பாடத்தில் 6 புள்ளியும் வாங்கியவளுக்கும் அதே 7.71தான். அதிகக் கிரெடிட் உள்ள பாடத்தில் சறுக்கினால் அடி பலமாக விழுவது இதனால்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் அடிபடக்கூடிய சொல் அது. பாடத்தில் தோற்றால் பொள்ளாச்சியில் அரியர், உங்கள் பக்கம் சப்ளி. எல்லை தாண்டினால் தோல்விக்கும் பெயர் மாறுகிறது. அரசு ஊழியர் வீட்டில் இன்னொரு வேடிக்கை: அப்பாவுக்கு அரியர் வந்தால் பாயசம், மகனுக்கு வந்தால் ஏச்சு. உங்களுக்குப் பக்கத்தில் ஒரு சித்தூர் இருப்பதுபோல ஆந்திரத்திலும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஒரு சித்தூர் இருக்கிறது. அங்கே பேக்லாக் என்பார்கள். அங்கே பதினொன்றாம் வகுப்புப் பையனும் 'காலேஜுக்குப் போகிறேன்' என்பான். பொய் இல்லை, அவர்களுக்கு அந்த இரண்டு வருடம் இன்டர்மீடியட், நடப்பது ஜூனியர் காலேஜில்.

தமிழ் இல்லாமல் என்ன? பருவம், துணைவேந்தர், பதிவாளர், தன்னாட்சிக் கல்லூரி, நிகர்நிலைப் பல்கலைக்கழகம் எல்லாம் புழக்கத்தில் இருக்கின்றன. நிகர்நிலை எனக்கு மிகவும் பிடித்த சொல்லாக்கம். ஆனால் உங்கள் மகளின் கல்லூரி அறிவிப்புப் பலகையில் இவை இருக்காது. பலகையில் உள்ள சொல்லைத் தெரிந்துகொள்ளாமல் தமிழ்ச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு பட்ட அனுபவம் எனக்கு உண்டு.

பாலக்காட்டுப் பக்கம் பிரி டிகிரி (இன்றைய பிளஸ் டூவுக்குச் சமமாக அன்று இருந்த படிப்பு) முடித்துவிட்டு, பி.ஏ. படிக்கக் கோவையில் ஒரு கல்லூரிக்குப் போனேன். அலுவலகத்தில் இருந்தவர், "எலிஜிபிலிட்டி இருக்கிறதா?" என்று கேட்டார். அகராதிப்படி தகுதி என்றுதானே பொருள்? "இருக்கிறது சார், முதல் வகுப்பு" என்றேன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். அது ஒரு காகிதம். வேறு மாநிலத்தில் எழுதிய தேர்வை ஏற்கிறோம் என்று சேரப்போகும் பல்கலைக்கழகம் தருவது. படித்த பல்கலைக்கழகம் தரும் மைக்ரேஷன் சான்றிதழ் வேறு, கல்லூரி தரும் டி.சி. வேறு. மூன்றையும் சேர்க்க நான் பாலக்காட்டுக்கும் கோவைக்கும் அலைந்து முடிப்பதற்குள் வகுப்பு தொடங்கி ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. அந்த வருடம் எனக்கும் வருகை குறைந்தது. அப்போதுதான் கண்டோனேஷன் என்ற சொல்லை முதன்முதலில் கேள்விப்பட்டேன். நானும் டொனேஷன் என்றுதான் நினைத்தேன். வாய்விட்டுக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மகள் மேற்படிப்புக்குக் கோவை வருவதாக இருந்தால் அந்த மூன்று காகிதங்களை முன்கூட்டியே கேட்டு வைக்கச் சொல்லுங்கள். முதல் செமஸ்டர் பட்டியல் வந்ததும் கிரெடிட்டைக் காயாகவும் புள்ளியை விலையாகவும் வைத்து நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் பட்டியலை எனக்கு அனுப்புங்கள்.