இறால் குளத்து பாக்டீரியாவும் மருந்து எதிர்ப்பும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, சென்ற பருவத்தில் கேட்ட ஆன்டிபயாடிக் இம்முறை கேட்கவில்லை. ஏன்?

பதில்: நோயுற்ற இறால் தீவனத்தைத் தொடுவதே குறைவு. தாங்கள் கலந்த மருந்தின் பெரும்பகுதி தின்னப்படாத தீவனத்தோடும் இறாலின் கழிவோடும் குளத்தடிக் கசட்டில் சேர்ந்து, கொல்லப் போதாத அளவில் அங்கேயே தங்கும்போது, அதைத் தாங்கவல்ல பாக்டீரியாக்கள் மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன. தாங்கள் போட்டது ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் என்றால் கடல்நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் அதைப் பற்றிக்கொண்டு வீரியத்தைக் குறைத்துவிடும். வந்தது வெண்புள்ளி நோய் என்றால் அது வைரஸ். எந்த ஆன்டிபயாடிக்கும் அதற்குப் பயன்படாது.

கேள்வி: எதிர்ப்பு வந்துவிட்டதை எப்படி உறுதி செய்வது?

பதில்: ஆய்வகத்தில் வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். விப்ரியோ வகை பாக்டீரியாவை வளர்க்கும் டிசிபிஎஸ் என்ற ஊட்டத் தட்டில் பச்சைப் புள்ளிகளாக முளைக்கும் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்ற நோய் பாக்டீரியாவை எடுத்து, உப்பு சேர்த்த வேறொரு தட்டில் பரப்பி, மருந்து தோய்ந்த சிறு காகித வட்டுகளை அதன்மேல் வைப்போம். மருந்து கேட்டால் மறுநாள் வட்டைச் சுற்றித் தெளிந்த வளையம் தெரியும். கேட்காவிட்டால் பாக்டீரியாப் படலம் வட்டின் விளிம்பு வரை வந்து ஒட்டி நிற்கும். அதைக் கண்ட பிறகும் அதே மருந்தை அளவு கூட்டிப் போடச் சொல்வோர் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கேள்வி: இறாலை வேகவைத்தால் பாக்டீரியா செத்துவிடுமே, மனிதருக்கு என்ன ஆபத்து?

பதில்: நன்றாக வெந்த இறாலில் உயிருள்ள பாக்டீரியா இராது, உண்மைதான். ஆனால் பச்சை இறாலைக் கையாளும் கைகள் வழியாகவும், குளத்திலிருந்து வெளியேறும் நீர் வழியாகவும் அவை பரவுகின்றன. இதைவிடக் கவலைக்குரியது, எதிர்ப்புக்கான மரபணுக்கள் பிளாஸ்மிட் என்னும் சிறு டிஎன்ஏ வளையங்களில் ஏறி, ஓரினத்திலிருந்து வேறோர் இனத்துக்கே தாவிவிடுவதுதான். மருத்துவமனை நோயாளிகளிடம் குயினலோன் வகை ஆன்டிபயாடிக்குகளின் வேலையைக் கெடுத்துவந்த குயூஎன்ஆர்-ஏ மரபணுவின் பிறப்பிடம் ஷிவனெல்லா ஆல்கே என்ற நீர்வாழ் பாக்டீரியா என்பது 2005இல் தெரியவந்தது. குளத்துக்கும் மருத்துவமனைக்கும் இடையே சுவர் இல்லை.

கேள்வி: ஏற்றுமதிச் சோதனையில் மருந்து எச்சம் இல்லை என்றே வந்தது. போதாதா?

பதில்: போதாது. குளோராம்பெனிக்கால், நைட்ரோபியூரான் போன்ற ஆன்டிபயாடிக்குகளின் எச்சம் இறாலின் உடலில் உள்ளதா என்று மட்டுமே அச்சோதனை பார்க்கிறது. மருந்தை நிறுத்தினால் எச்சம் மெல்ல நீங்கும். மருந்துக்குப் பழகிய பாக்டீரியா சேற்றிலேயே இருக்கும்.

கேள்வி: அப்படியானால் அடுத்த பருவத்துக்கு என்ன செய்யலாம்?

பதில்: அறுவடைக்குப் பின் கசட்டை அகற்றி, குளத்தை வெடிப்பு விழுமளவு வெயிலில் காயவிடுங்கள். நோய்க்கிருமி இல்லை என்று சோதிக்கப்பட்ட குஞ்சுகளையே விடுங்கள். இறால்கள் சோர்ந்தால், மருந்துப் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன், உயிருள்ள நோயுற்ற இறால்களையும் குளத்து நீரையும் அன்றே ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள்.